பீலியும் அச்சும்

திருக்குறளில் வலியறிதல் என்னும் அதிகாரத்தைக் கற்பிக்கும்போது, மயிற்பீலி ஏற்றிய வண்டியின் உவமையிலே மாணாக்கர் மனம் நின்றுவிடுதல் இயல்பு. பீலியினும் மெல்லிய பொருள் யாது? அதனையும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது கேட்போருக்கு வியப்பாகவே இருக்கும். எளியோர் பலர் ஒன்றுகூடின் வலியோனும் வீழ்வன் என உரையாசிரியர் அதனைப் பகைமேல் வைத்து விளக்குவர். யானும் பல்லாண்டு அவ்வாறே விளக்கி வந்தேன். சென்ற தவணையிலே மாணாக்கன் ஒருவன் எழுந்து, உவமையின் பொருளை விட்டு அந்த வண்டியைப் பற்றியே சிறிது பேசலாகாதா என்று கேட்டான். இழுக்கும் வலு எவ்வளவு, சுமக்கும் நிறை எவ்வளவு, இரண்டுக்கும் உள்ள பொருத்தம் யாது என்பதே அவன் அறிய விரும்பியது.

இலக்கணம் கற்பிப்பவனுக்கு அது புறம்பான கேள்விதான். ஆயினும் விடை தேடாதிருக்க மனம் ஒப்பவில்லை. தேடிய வழியிலே ஓர் ஆங்கிலேயரின் வாழ்க்கை எதிர்ப்பட்டது. மோட்டார் வண்டியிலிருந்து பீலி பீலியாகப் பாரத்தைக் களைவதையே தம் வாழ்நாட்டொழிலாகக் கொண்டவர் அவர். கொலின் சாப்மன் என்பது அவர் பெயர். லோட்டஸ் என்னும் பெயர் பெற்ற கார்களை ஆக்கியவர் அவரே.

அவர் வரலாற்றைத் தொடங்குமுன் என் அனுபவம் ஒன்றைச் சொல்லல் வேண்டும். 1990களின் தொடக்கத்திலே யாழ்ப்பாணத்திற் பெற்றோல் கிடைத்தற்கு அரிதாயிருந்தது. பழைய ஒஸ்ரின் ஏ-40 கார்கள் சிறிது பெற்றோலால் உயிர் பெற்று, மண்ணெண்ணெயால் ஓடின. அக்காலத்திலே உறவினர் வீட்டுக் கலியாணம் ஒன்றுக்கு அத்தகைய வாடகைக் கார் ஒன்றிற் பத்துப் பேர் நெருக்கியடித்து ஏறினோம். வண்டி புறப்பட்டு வேகம் எடுப்பதற்குள் சைக்கிளிற் சென்றவர்கள் எம்மைக் கடந்து போயினர். சந்தியிலே திரும்பியபோது வண்டி ஒருபுறம் சாய்ந்து, ரயர் முனகிற்று. மாடொன்று குறுக்கிட, சாரதி அண்ணை பிறேக்கை முழுப்பலத்தோடு அழுத்தியும், அதன் வாலை உரசுமளவிற் சென்றே வண்டி நின்றது. மாலையிலே திரும்பி வந்தோர் மூவரே. அதே கார், அதே சாரதி, அதே மண்ணெண்ணெய். ஆயினும் அவிழ்த்துவிட்ட கன்று போல அது ஓடிற்று. எஞ்சினின் வலு மாறவில்லை, நிறை மாறிற்று. புறப்படுதல், திரும்புதல், நிற்றல் ஆகிய மூன்றும் அதனோடு மாறின. சாப்மனின் கொள்கை முழுவதும் அந்த ஒருநாட் பயணத்துள் அடங்கியிருந்ததென்பதை யான் இப்பொழுதுதான் உணர்கிறேன்.

கணக்காற் சொல்வதாயின் இப்படிச் சொல்லலாம். ஏ-40 காரின் எஞ்சின் 1200 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. அதன் வலு 40 குதிரைவலு. காரின் நிறை ஏறக்குறைய ஒரு தொன். எனவே தொன்னொன்றுக்கு 40 குதிரைவலு என்பது அதன் வலு–நிறை விகிதம். பத்துப் பேர் ஏறியபோது அது 26 அளவிற்கு இறங்கியிருக்கும். ஒரு வேகத்திலே எஞ்சின் தரக்கூடிய தள்ளுவிசையைத் திணிவினால் வகுத்தால் வருவது ஆர்முடுகல், அஃதாவது வேகம் ஏறும் வீதம். திணிவு இருமடங்காயின் ஆர்முடுகல் பாதியாகும். ஆதலின் ஒரு கார் எவ்வளவு விரைவிலே வேகம் கொள்ளும் என்பதை அறிய அதன் குதிரைவலுவை மாத்திரம் கேட்டாற் போதாது. நிறையையும் உடன் கேட்டல் வேண்டும். நம்மூர்ச் சவாரி வண்டிலைச் சமைப்போர் பாரம் ஏற்றும் வண்டிலைப் போல அதனைச் சமையாமையும் இக்காரணம் பற்றியதே.

அன்ரனி கொலின் புரூஸ் சாப்மன் 1928 மே 19ஆம் நாள் இங்கிலாந்திலே ரிச்மண்டிற் பிறந்தார். தந்தையார் வட இலண்டனிலே ஹோர்ன்சி என்னும் இடத்தில் விடுதியொன்றை நடத்தியவர். மைந்தர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே கட்டடப் பொறியியல் கற்றார். பாலமும் கூரையும் எவ்வாறு பாரத்தைத் தாங்குகின்றன, எந்த உறுப்பு இழுவிசைக்கு ஆட்படுகிறது, எது அமுக்கவிசைக்கு ஆட்படுகிறது என்பன அக்கல்வியின் அடிப்படை. பல்கலைக்கழக விமானப் படைப்பிரிவிற் சேர்ந்து விமானம் ஓட்டவும் பழகினார். வேண்டாத நிறையைச் சுமந்து எழ விமானத்தால் இயலாது. பாலம் கட்டும் கலையும் பறக்கும் கலையும் ஒருவரிடத்தே சேர்ந்தன; அச்சேர்க்கையே பின்னர்க் காராயிற்று.

மாணவராயிருந்தபோதே பழைய கார்களை வாங்கி விற்றுச் சிறிது பொருள் ஈட்டினார். 1947இன் இறுதியிலே பொதுமக்களுக்குரிய பெற்றோல் பங்கீட்டை அரசு நிறுத்தவே, கார்களின் விலை வீழ்ந்தது. கையிலிருந்தவற்றை நட்டத்துக்கு விற்றார். 1930ஆம் ஆண்டு ஒஸ்ரின் செவின் ஒன்று மாத்திரம் விலைபோகாது எஞ்சிற்று. ஹேசல் வில்லியம்ஸ் என்னும் நங்கையின் பெற்றோர் வீட்டுக் கராச்சிலே அதனைக் கொண்டுபோய் உடைத்து, அலுமினியத் தகடு பொருத்திய ஒட்டுப்பலகையால் மேற்கூடு அமைத்து, 1948இலே புதுவண்டி ஆக்கினார். ஹேசல் பின்னர் அவருடைய மனைவியாரானார். தொழிலுக்கு முதற்பணம் உதவியவரும் அவரே. பெற்றோல் தட்டுப்பாடும் விலைபோகாத ஒஸ்ரினும் ஒருவருக்கு வாழ்வின் வாயிலாயமைந்த செய்தியைப் படித்தபோது, எங்கள் மண்ணெண்ணெய்க் கார் மீண்டும் என் நினைவுக்கு வந்தது.

1952 ஜனவரி முதலாம் நாள் நண்பர் ஒருவரோடு லோட்டஸ் என்னும் தொழிலகத்தைத் தொடங்கினார். தந்தையாரின் விடுதிக்குப் பின்னாலிருந்த பழைய குதிரை லாயமே அதன் இடம். தாமரையின் பெயரைக் காருக்கு இட்ட காரணத்தை அவர் வெளிப்படச் சொல்லவில்லை. ஹேசலுக்கு அவர் இட்ட செல்லப்பெயர் அது என்பாரும் உளர். பகலில் அலுமினிய நிறுவனம் ஒன்றிலே பணி. மாலையும் இரவும் லாயத்திலே வேலை. 1955 தொடங்கும்வரை இவ்வாறே உழைத்தார்.

அங்கே அவர் ஆக்கிய ஆறாம் வகைக் கார் குறிப்பிடத்தக்கது. அக்காலத்துக் கார்களுக்குக் கனத்த உருக்குச் சட்டமே முதுகெலும்பு. சாப்மன் மெல்லிய குழாய்களை முக்கோண முக்கோணமாக இணைத்துக் கூடு ஒன்று கட்டினார். முக்கோணம் நெளியாது, அதனுள் ஒவ்வொரு குழாயும் நேர் இழுப்பையோ நேர் அமுக்கத்தையோ மாத்திரம் தாங்கும், வளைவு விசைக்கு ஆட்படாது. ஆதலின் மெல்லிய குழாயே போதும். அக்கூட்டின் நிறை ஏறக்குறைய 25 கிலோகிராம். ஒரு மூட்டை நெல்லினும் குறைவு. பாகம் பாகமாக விற்கப்பட்ட அக்காரை, எளிய வருவாயுடைய இளைஞர் வாங்கித் தம் வீட்டிலேயே பூட்டி, பந்தயங்களில் ஓட்டினர்.

1957இலே லோட்டஸ் செவின் தோன்றிற்று. கதவில்லை, கூரையென்று சொல்லத்தக்கதும் இல்லை. அதன் தொடக்க வகையிற் பூட்டப்பட்டது சாதாரண போர்ட் எஞ்சின். 1172 கன சென்ரிமீற்றர். வலு 40 குதிரைவலுவை ஒட்டியது. எங்கள் ஏ-40இன் வலுவும் அதுவே என்பதை வாசகர் மறந்திரார். நிறையோ ஏறக்குறைய 500 கிலோகிராம், ஏ-40இற் பாதி. எனவே தொன்னொன்றுக்கு 80 குதிரைவலு. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட ஏ-40க்கு முப்பது விநாடிக்கு மேல் வேண்டும். செவினுக்கு இருபது விநாடியும் வேண்டியதில்லை. வலுவைச் சிறிதும் கூட்டாது, நிறையைப் பாதியாக்கியதனால் வந்த பேறு இது.

அதே ஆண்டிலே இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் எலீற் என்னும் காரை வைத்தார். அதற்கு வேறாகச் சட்டம் இல்லை. கண்ணாடி நாராலாகிய மேற்கூடே பாரம் முழுவதையும் தாங்கிற்று. அதன் எஞ்சின் கொவென்றி கிளைமக்ஸ் நிறுவனத்தார் ஆக்கியது. அவ்வெஞ்சினின் மரபை நோக்கின், அது தீயணைக்கும் நீர்ப்பம்பிக்காகப் பிறந்தது. தீப்பிடித்த இடத்துக்குத் தூக்கிச் செல்லவேண்டிய பம்பி மெல்லியதாயும் வலுவுடையதாயும் இருத்தல் வேண்டுமல்லவா? பந்தயக் கார் வேண்டுவதும் அவ்விரண்டையுமே. பிரான்சின் லெ மான் நகரிலே நிகழும் 24 மணி நேர ஓட்டத்தில் எலீற் தன் வகுப்பிலே ஆறு முறை முதலிடம் பெற்றது.

ஈண்டு ஒரு நுட்பம் உளது. வலு–நிறை விகிதத்தை உயர்த்த வழிகள் இரண்டு: வலுவைக் கூட்டலாம், நிறையைக் குறைக்கலாம். கணிதத்தில் இரண்டும் ஒன்றே, வீதியில் ஒன்றல்ல. வலுவைக் கூட்டினால் நேர்ப்பாதையில் விரைவு மிகும். அதுவும் உயர்ந்த வேகத்திலே காற்றின் தடைக்கே பெரும்பகுதி செலவாகும். வேகத்தை இருமடங்காக்கக் காற்றின்பொருட்டு எண்மடங்கு வலு வேண்டும். வளைவிலே திரும்பும்போதும், பிறேக் பிடிக்கும்போதும் கூட்டிய குதிரைவலு எதற்கும் உதவாது. நிறையைக் குறைத்தாலோ புறப்படும்போதும் பயன், திரும்பும்போதும் பயன், நிற்கும்போதும் பயன். ரயர் தேய்வு குறையும், எரிபொருள் குறையும், எரிபொருள் குறையவே அதன் தாங்கி சிறுக்கும், தாங்கி சிறுக்க நிறை மேலும் குறையும். சாப்மன் வாழ்நாள் முழுவதும் பிடித்துநின்ற உண்மை இதுவே.

1961 மே மாதத்திலே மொனாக்கோ நகரத் தெருக்களில் நடந்த கிராண்ட் பிறீ ஓட்டம் இதற்குச் சான்று. பெராரி நிறுவனத்தின் புதிய கார்கள் வலுவில் ஏறக்குறைய 30 குதிரை மேம்பட்டிருந்தன. ஸ்டேர்லிங் மொஸ் என்னும் வீரர் ஓட்டியது ஓராண்டு பழைய லோட்டஸ். கார்கள் 450 கிலோகிராமினும் குறையலாகாது என்று விதி வகுக்கப்பட்டிருந்தமையால் விகிதக் கணக்கிலும் பெராரியே முந்தியது. ஆயினும் வளைவு மலிந்த அத்தெருக்களிலே, சொன்னபடி திரும்பும் சிறுவண்டி, 100 சுற்றின் முடிவில் 3.6 விநாடி முந்தி வென்றது. வென்றது காரோ வீரரோ என்று பிரித்துச் சொல்லல் அரிது. ஓட்டம் தொடங்குமுன் அக்காரின் குழாயொன்றில் வெடிப்புக் காணப்பட்டதையும், அவ்விடத்திலேயே ஒட்டு வைத்ததையும் வரலாறு கூறும். வெற்றி பெற்ற மென்மையும் வெடித்த மென்மையும் ஒரே காரில் இருந்தன.

நிறைக்குக் கீழெல்லை விதித்தபின், அதே நிறையில் விறைப்பை மிகுவிப்பதிற் சாப்மன் கருத்தூன்றினார். 1962இலே லோட்டஸ் 25 வந்தது. குழாய்க்கூடு நீங்கி, தகட்டாலாகிய தொட்டி போன்ற உடலே சட்டமாயிற்று. முந்திய கூட்டினும் மும்மடங்கு விறைப்பு, நிறையோ பாதியளவு. ஸ்கொத்லாந்தின் கமக்காரரான ஜிம் கிளார்க் அதிற் படுத்தவாறே ஓட்டி, 1963இலே பத்து ஓட்டங்களில் ஏழை வென்று உலக வீரரானார். 1965இல் மீண்டும் அப்பட்டம் பெற்றதோடு, அமெரிக்காவின் இன்டியனாபொலிஸ் 500 மைல் ஓட்டத்தையும் லோட்டஸ் காரிலே வென்றார். 1967இல் வந்த லோட்டஸ் 49இலோ எஞ்சினே உடலின் பின்பாதியாயிற்று. பின்சில்லுகள் எஞ்சினிலேயே பூட்டப்பட்டன. ஓர் உறுப்பு இரண்டு தொழில் செய்யின் மற்றோர் உறுப்பு வேண்டா என்பது சாப்மனின் துணிபு. சொற்சுருக்கம் நாடும் சூத்திரகாரனின் துணிபும் அதுவன்றோ!

இதுவரை ஒளியைக் கூறினேன். இனி நிழலையும் கூறாவிடின் வரலாறு குறைபடும்.

1960 ஜூனில் பெல்ஜியத்தின் ஸ்பா என்னுமிடத்திலே, பயிற்சி ஓட்டத்தின்போது மொஸ்ஸின் லோட்டஸ் கார், பின்சில்லைத் தாங்கிய அச்சு முறிந்து சில்லுக் கழன்று வீழ்ந்தது. இரு கால்களும் முறிந்தன. அன்றே மற்றொரு லோட்டஸின் சுக்கான் தண்டு ஒடிந்து, அதன் வீரர் மீண்டும் பந்தயத்துக்கு வர இயலாதவரானார். 1968 ஏப்ரல் 7ஆம் நாள் ஜேர்மனியின் ஹொக்கென்ஹைமிலே கிளார்க் மாண்டார். ரயர் காற்றிழந்ததே காரணமென்பர். காரின் மென்மை மேற் பழியில்லை. எனினும் அவருடைய இழப்பு சாப்மனை நிலைகுலையச் செய்தது. கிளார்க் பெற்ற கிராண்ட் பிறீ வெற்றிகள் 25. அத்தனையும் லோட்டஸ் கார்களிலேயே.

1969 மே மாதத்திலே பாசிலோனா நகரில், காரை நிலத்தோடு அமர்த்துவதற்காக உயரத்திற் பூட்டிய இறக்கைகள் முறிந்து, லோட்டஸ் கார்கள் இரண்டும் மோதின. அவற்றுள் ஒன்றை ஓட்டியவர் ஒஸ்திரியாவின் சார்பில் ஓடிய யோக்கன் ரிண்ட். காயத்தோடு கிடந்த அவர் சில நாளிற் சாப்மனுக்குக் கடிதம் ஒன்று எழுதினார். கார்கள் மிக விரைவானவை. மிக வலுவற்ற உறுப்புகளைத் திடப்படுத்தச் சில இறாத்தல் நிறையைக் கூட்டினாலும் வெற்றி கிட்டும். நம்பிக்கையில்லாத காரை ஓட்டத் தம்மால் இயலாது என்பது அதன் கருத்து. யான் இவ்வரலாற்றிலே நெடுநேரம் நின்ற இடம் இது. பீலியைக் களைந்தவரை நோக்கி, ஒரு பிடி பீலியையாவது மீண்டும் ஏற்றுக என்று ஓட்டுபவர் இரக்கின்றார்.

அடுத்த ஆண்டு லோட்டஸ் 72 வந்தது. அதன் முன்பிறேக்குகள் சில்லுகளில் இல்லாமல் உடலின் உட்புறத்தே வைக்கப்பட்டன. சில்லுகள் இலகுவாயின் மேடுபள்ளத்திலே நிலத்தைப் பற்றி ஓடும் என்பது காரணம். ஆனால் பிறேக்கின் விசை முழுவதும் இடையிலுள்ள தண்டினூடாகவே சில்லை அடைதல் வேண்டும். ரிண்ட் அவ்வாண்டு ஐந்து ஓட்டங்களை வென்றார். 1970 செப்ரெம்பர் 5ஆம் நாள் இத்தாலியின் மொன்சாவிலே பயிற்சியின்போது, வேகம் மிக்க இடத்திற் பிறேக் பிடிக்கையில் வலப்பக்க முன்தண்டு முறிந்ததென்று கருதப்படுகிறது. கார் தடுப்பிலே மோதிற்று. செம்மையாக அமையாத அத்தடுப்பும் அவர் உயிரைக் கொண்டது. எஞ்சிய ஓட்டங்களில் எவரும் அவருடைய புள்ளிகளை விஞ்சவில்லை. இறந்தபின் உலக வீரர் பட்டம் பெற்றவர் அவர் ஒருவரே.

சாப்மன் கொடியவரல்லர். தாமும் காரோட்டியவர், தம் வீரர் வென்றபோதெல்லாம் கறுப்புத் தொப்பியைக் கழற்றி வானிலே எறிந்து மகிழ்ந்தவர். ஆயினும் வலியறிதலென்பது பாரத்தின் வலியை அறிதல் மாத்திரமன்று. அச்சின் வலியையும் அறிதலாகும். முன்னதை அவரளவு அறிந்தார் அரியர். பின்னதை அவர் சிற்சில வேளை எல்லை வரை கொண்டுபோய்ச் சோதித்தார். சோதனைக்கூடமாயிருந்தது மனிதர் அமர்ந்த கார்.

1970களின் பிற்பகுதியிலே அவர் கூட்டத்தார் வேறொரு வழி கண்டனர். காரின் அடிப்புறத்தை இறக்கை வடிவாக்கி, ஓடும் காற்றாலேயே காரை நிலத்தோடு அழுத்தினர். ரயருக்கு அமுக்கம் கிடைத்தது, திணிவு கூடவில்லை. பாரமின்றிப் பாரத்தின் பயனைப் பெற்ற இவ்வுபாயத்தால் 1978இலே மரியோ அன்ட்ரெற்றி உலக வீரரானார். சாப்மன் காலத்திலே லோட்டஸ் பெற்ற ஆக்குநர் பட்டங்கள் ஏழு. அதன் வீரர் பெற்ற பட்டங்கள் ஆறு.

1982 டிசம்பர் 16ஆம் நாள் மாரடைப்பால் அவர் காலமானார், வயது 54. அவ்வாண்டிலே வட அயர்லாந்தின் டி லோரியன் கார்த் தொழிற்சாலை மூடப்பட்டிருந்தது. அதன் காரை வடிவமைக்க உதவியது லோட்டஸ். அதன் பணம் சென்ற வழி பற்றிப் பின்னர் நிகழ்ந்த விசாரணையிலும் வழக்கிலும் சாப்மன் பெயரும் பேசப்பட்டது. விடை கூற அவர் இல்லை. அந்த மறுவும் அவர் வரலாற்றின் பகுதியே.

செவின் கார் 1973 முதல் கேற்றர்ஹாம் என்னும் வேறொரு நிறுவனத்தாரின் பெயரிலே ஆக்கப்பட்டு வருகிறது. லோட்டஸ் என்னும் பெயரோ இன்று ஏறக்குறைய இரண்டரைத் தொன் நிறையுள்ள மின்சாரக் காரிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதன் வலு 600 குதிரைவலுவுக்கு மேல். விகிதத்தை மாத்திரம் பார்த்தால் அது பழைய செவினைப் பன்மடங்கு விஞ்சும். புறப்படும் வேகத்திலும் விஞ்சும். ஆனால் வளைவிலும் பிறேக்கிலும் அந்த இரண்டரைத் தொன்னும் உடன் வரும். அதனை ரயரும் பிறேக்கும் சுமந்தே தீரல் வேண்டும்.

மாணாக்கனுக்கு இவ்வளவையும் ஒரு பாடவேளையிற் சொன்னேன். கேட்டிருந்துவிட்டு, ரிண்டின் கடிதத்துக்குச் சாப்மன் செவிசாய்த்திருந்தால் அவர் தோற்றிருப்பாரா என்று வினவினான். சில இறாத்தல் நிறையால் எவ்வளவு விநாடி பிந்தும் என்பதைக் கணக்கிடும் வழியை அவனுக்கு முன்னரே சொல்லியிருந்தேன். அதனைச் செய்து பார்க்குமாறு கூறி, அடுத்த குறளுக்குச் சென்றேன்.